மோசசாரஸ்: கடலுடும்பு எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

அழிந்துபோன கடல்வாழ் ஊர்வனவான மோசசாரஸ் குடும்பத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் இதுவரை மூன்று பெயர்கள் வந்துள்ளன: கடல்தொன்மா, மகரம், கரந்தடிப் பல்லி. நான் 'கடலுடும்பு' என்பதை முன்வைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், மற்ற மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

கடல்தொன்மாவை முதலிலேயே விட்டுவிடலாம். தொன்மா என்பதை டைனோசருக்கு எழுதி வருகிறோம். மோசசாரஸ் டைனோசர் அல்ல. டைனோசர்கள் முதலைக்கும் பறவைக்கும் நெருங்கிய கிளை. இது பல்லி, ஓணான், பாம்பு எல்லாம் அடங்கிய கிளை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் வழக்கம் ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது, அதைப் பெயரிலும் பதித்துவிட்டால் பிறகு திருத்தவே முடியாது. மகரம் கேட்க அழகான சொல்தான். ஆனால் அது சிற்பத்திலும் புராணத்திலும் வாழும் கலப்பு உயிர். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை உண்மையாகவே கடலில் நீந்திய, எலும்புகளை அளந்து பார்க்க முடிந்த விலங்குக்கு அந்தப் பெயரை வைத்தால், படிப்பவர் இதையும் கற்பனை என்றே எடுத்துக்கொள்வார்.

கரந்தடிப் பல்லி அப்படியல்ல, அது யோசித்துச் செய்த சொல். கரந்தடிப்படை நமக்குத் தெரியும்: மறைந்திருந்து அடிப்பது. 'பதுங்கி' என்பதைவிடக் கரத்தல் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. பதுங்குவதற்குப் புதரோ பாறையோ வேண்டும். திறந்த கடலில் அதெல்லாம் இல்லை. அங்கே மறைப்பது ஆழத்தின் இருட்டும் உடலின் நிறமும்தான். இதே குடும்பத்தைச் சேர்ந்த டைலோசாரஸ் ஒன்றின் தோலில் எஞ்சிய நிறமியை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அதன் முதுகுப்பக்கம் கருமையாக இருந்திருக்கும் என்று காட்டியது. மேலிருந்து பார்க்கும் இரைக்கு இருண்ட நீரோடு நீராகத்தான் அது தெரிந்திருக்கும்.

சரி, பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒரு விலங்கு வேட்டையாடிய விதம் பற்றிய நம் புரிதல், அதன் எலும்பைவிட வேகமாக மாறுகிறது. நெடுங்காலமாக மோசசாரஸை விலாங்குபோல நெளிந்து நீந்தும் பிராணியாகவே வரைந்தார்கள். அப்படி நீந்துவது நெடுந்தொலைவு துரத்த உதவாது, அதனால் மறைந்திருந்து சட்டென்று பாய்ந்திருக்கும் என்றார்கள். ஜோர்டானில் கிடைத்த, இதே குடும்பத்துப் புரோக்னதோடனின் புதைபடிவத்தைப் பற்றி 2013இல் வந்த ஆய்வு இந்தப் படத்தை மாற்றியது. அதில் வால்துடுப்பின் மென்திசு விளிம்பே பதிந்திருந்தது: வால் எலும்பு கீழ்நோக்கி வளைந்திருக்க, மேலே எலும்பில்லாத இன்னொரு மடல். சுறாவின் வாலைத் தலைகீழாகத் திருப்பினால் கிட்டத்தட்ட இந்த அமைப்பு வரும். அந்த வாலைப் பக்கவாட்டில் வீசி நீந்தியது நல்ல நீச்சல்காரன் என்று கொள்வதே நியாயம். இன்று கரந்தடி என்று பெயர் வைத்தால், நாளை அந்தப் பெயருக்கே மறுப்பு எழுத வேண்டியிருக்கும்.

தவிர, குடும்பம் முழுவதும் ஒரே மாதிரி வேட்டையாடவும் இல்லை. இதில் குளோபிடென்ஸ் என்ற பேரினத்துக்குப் பற்கள் உருண்டையானவை, சிப்பி போன்றவற்றின் ஓடுகளை நொறுக்குவதற்கு ஏற்றவை. ஒரு டைலோசாரஸின் வயிற்றுப் பகுதியில் மீன், சுறா, பறக்காத கடற்பறவையான ஹெஸ்பரோர்னிஸ், கூடவே இதே குடும்பத்துச் சிறிய விலங்கு (மோசசார்) ஒன்று எல்லாமே கிடைத்திருக்கின்றன. ஆகவே 'கரந்தடி வேட்டை' என்பதைத் தனிக் கலைச்சொல்லாக வைத்துக்கொள்வோம். முதலைக்கும் புலிக்கும்கூட அது பயன்படும்.

இனி உடும்பு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரருகே சுண்ணாம்புச் சுரங்கத்தில் 18ஆம் நூற்றாண்டில் பெரிய மண்டையோடுகள் கிடைத்தபோது, முதலை என்றார்கள், திமிங்கிலம் என்றார்கள். உடும்போடு ஒப்பிட்டவர் டச்சு அறிஞர் அட்ரியான் காம்பர். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதை ஏற்றுக்கொண்டார். 1822இல் ஆங்கிலேயப் புவியியலாளர் கோனிபியர் வைத்த மோசசாரஸ் என்ற பெயருக்கு, மாஸ்ட்ரிக்ட் வழியே ஓடும் மியூஸ் ஆற்றுப் பல்லி என்று பொருள், அவ்வளவுதான். அதை ஒலிபெயர்த்து 'மோசப்பல்லி' என்றால் தமிழ்க் காதில் மோசம்தான் விழுகிறது, ஆறு விழுவதில்லை. 12 மீட்டர்வரை வளர்ந்த ஒன்றைப் பல்லி என்பதும் ஒட்டவில்லை.

ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இந்த விலங்கின் அண்ணத்திலும் பின்னோக்கி வளைந்த பற்கள் இருந்தன. உடும்புக்கு அவை கிடையாது, பாம்புக்கு உண்டு. மோசசார்கள் பாம்புக்கே நெருக்கம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இந்த 'அண்ணப்பல்' வேட்டையில் என்ன செய்தது என்று பாருங்கள். உடும்பு இரையை நகத்தால் தரையோடு அழுத்திப் பிடிக்கும். மோசசாருக்குக் கால்கள் துடுப்பாகிவிட்டன, அழுத்தத் தரையும் இல்லை. பிடிப்பது, திருப்புவது, தொண்டைக்குள் தள்ளுவது எல்லாமே வாயின் வேலை. வெளிப்பல் கவ்வும், அண்ணப்பல் வழுக்காமல் பிடித்து உள்ளே இழுக்கும், கீழ்த்தாடையின் நடுவே இருந்த மூட்டு பெரிய இரைக்கும் இடம் கொடுக்கும். அந்த மூட்டைத் 'தாடையிடை மூட்டு' எனலாம்.

அப்படியானால் பாம்பு என்றே சொல்லிவிடலாமே என்றால், கடற்பாம்பு என்ற சொல் வாழும் பாம்புகளுக்குப் போய்விட்டது. உறவுமுறை வாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும், நீண்ட தலையும் நான்கு கால்களும் கொண்ட இந்த உடலைப் பார்ப்பவருக்கு உடும்புதான் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை மாறப் போவதில்லை. கடலில் மேயும் இகுவானாவோடும் குழப்பம் வராது, அதற்குப் பேரோந்தி என்ற பெயர் இருக்கிறது.

குடும்பத்துக்கு மட்டும் கடலுடும்பு. மோசசாரஸ், டைலோசாரஸ் போன்ற பேரினப் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். நீருடும்பு நீந்தித் திரிவதால் கடலுடும்பும் இன்று வாழும் விலங்கு என்று சிலர் நினைக்கலாம். கட்டுரையில் முதல்முறை வரும்போது 'தொல்கடலுடும்பு' என்று எழுதி, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாமா, அல்லது 'தொல்' எப்போதும் கூடவே வர வேண்டுமா? பாடநூல் எழுதுபவர்கள் இதில் கருத்துச் சொன்னால் நல்லது.