புதுப்பிப்பு: நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டரை முடிந்தது

விஞ்ஞானப் புனைகதை, மாயக்கதைப் பிரியர்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வந்த பதில்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலாவது ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979). பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்துக்கு மேலேயே நிற்கும் புவிநிலைச் சுற்றுப்பாதையை அது எட்ட வேண்டும்; அந்தப் பாதை நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆகவே மின்தூக்கியின் அடியும் நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும். அதனால் கிளார்க் இலங்கையையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பெயரிட்டுவிட்டார்! மின்தூக்கி எழும் சிவனொளிபாத மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கியிருக்கிறார். 1956 முதல் இந்தத் தீவில் வாழ்ந்தவருக்கு அந்த உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படி நகர்ந்தால் யாழ்ப்பாணம் எங்கே போய் நிற்கும் என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தேன், அரைநாள் போயிற்று.

அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'யை (1968) நெடுந்தீவுக்குப் போகும் படகில் தொடங்கினேன். முழுக்கத் தீவுகளாலான உலகம். ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கு அதன்மேல் ஆட்சி. சோளகக் காற்றில் படகு ஆட ஆட வாசிக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் இல்லை. குறிகட்டுவான் படகுத்துறையில் நின்று இதைப் பரிந்துரைத்தவரை மனதார வாழ்த்தினேன்.

மூன்றாவது, ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்', பாதியில் நிற்கிறது. பின்னிணைப்புச் சொல்லகராதியைப் புரட்டிப் புரட்டியே களைத்துவிட்டேன்.

அடுத்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', மறுவாசிப்பு. என் பிரதியை இரவல் வாங்கியவர் இதை வாசித்தால், தயவுசெய்து அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.