போனஸ் கவரை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனவர்: உங்கள் அனுபவம் என்ன?

பனியன் கம்பெனிக்காரன், திருப்பூர்:

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று இங்கே தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரச் சம்பளம், போனஸ், ஸ்வீட் பாக்ஸ், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பாதிப் பேர் பையோடு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நடந்தது இது.

செக்கிங்கில் ஒரு அக்கா. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறார். கவரை அங்கேயே பிரித்து எண்ணினார். பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவன் ஓவர்லாக் டெய்லர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவன் கவர் கொஞ்சம் தடிமன். எதிர் கம்பெனிக்காரன் இழுத்துவிடுவான் என்று சேர்த்து வைத்தது. ஆள் பஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அக்கா நோட்டுகளைத் திரும்பக் கவருக்குள் வைத்து, இரண்டாக மடித்துப் பர்சில் செருகிக்கொண்டு கேட்டார்: "ஏந்தம்பி, போன சித்திரையில சரக்கு லேட்டாகி விடிய விடிய பேக்கிங் ஓடுச்சே, அப்ப நானும் இங்கதானுங்களே இருந்தேன்?"

"ஆமாங்க்கா" என்றேன்.

"செரிங்க தம்பி." கிளம்பிவிட்டார்.

சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்துக்கு மேலேதான் அவருக்கும் கொடுத்தேன். லீவு முடிந்து முதல் நாளே வேலைக்கு வந்தும்விட்டார். என்னை அரிப்பது வேறு. முன்பெல்லாம் ஒரே இடத்தில் ஊசி ஓட்டை தொடர்ந்து வந்தால், பீஸைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வருவார். டியூப் லைட்டுக்கு நேரே விரித்து, கழுத்துக்குக் கீழே சுண்டு விரலை வைத்துக் காட்டி, "ரெண்டாவது மிசின்ல ஊசி மொன்னையாயிருச்சு, மாத்தச் சொல்லுங்க" என்பார். இப்போது ஸ்டிக்கர் ஒட்டுகிறார், டேமேஜ் கூடையில் போடுகிறார், அடுத்த பீஸை எடுக்கிறார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கூடை நிறைந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிகிறது.

கோவை பவுண்டரி:

எங்களிடம் ஒரு மோல்டர் இதே மாதிரி அமைதியானார். பொங்கலுக்குள் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் சார், நீங்கள் இரண்டு கணக்கை ஒரே கவரில் போட்டிருக்கிறீர்கள். 8.33 என்பது என்ன? 12 மாதத்தில் ஒரு மாதம். லாபம் வந்தால் 20 வரை போகலாம். எத்தனை சதவீதம் என்றாலும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டுங்கள். டெய்லரைப் பிடித்துவைக்க வேண்டுமா, பீஸ் ரேட்டை ஏற்றுங்கள். இல்லையென்றால் ஊக்கத்தொகை என்று பெயர் போட்டு ஆடி மாதத்தில் கொடுங்கள். தீபாவளிக் கவரில் மட்டும் கை வைக்காதீர்கள். பழைய ஆளுக்கு சர்வீஸ் தொகை என்று வருடத்துக்கு இவ்வளவு எனத் தனியாக வையுங்கள். "கிராஜுவிட்டிதான் இருக்கிறதே" என்று சொல்லாதீர்கள். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது வேலையை விட்டுப் போகும்போது கைக்கு வரும் பணம். இருக்கிறவருக்கு அதில் என்ன மரியாதை?

அப்புறம் டொயோட்டாவில் லைனை ஒட்டி ஒரு கயிறு தொங்கும். குறை கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், லைனில் நகரும் வண்டி குறிப்பிட்ட இடத்துக்கு வருவதற்குள் சரிசெய்ய முடியவில்லை என்றால் லைனே நின்றுவிடும். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் அந்த அக்கா ஆபீசுக்கு நடந்து வருவதை நம்பி நீங்கள் கம்பெனி நடத்த வேண்டியதில்லை.

லைன் சூப்பர்வைசர்:

நான் முதலாளி இல்லை, சம்பளத்துக்கு இருக்கிறவன். கோவை அண்ணன் கயிறு கட்டச் சொல்கிறார். கட்டலாம். இழுத்தால் யார் திட்டு வாங்குவது?

பழைய கம்பெனியில் பார்த்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பெண், தமிழ் வராது. லேபிள் மாறி வருவதைக் கண்டுபிடித்தது அவள்தான். எல் சைஸ் பீஸில் எம் லேபிள். சொல்லத் தெரியாமல் பீஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். புரொடக்‌ஷன் மேனேஜர் தூரத்திலிருந்தே "கை எதுக்கு நிக்குது, டார்கெட் உங்கப்பனா வந்து முடிப்பான்?" என்று கத்தினார். வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரியுமே. பீஸை இறக்கி அடுக்கில் வைத்துவிட்டாள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் பையர் ஆள் பெட்டியைப் பிரித்தபோது மொத்த லாட்டும் ஃபெயில். எல்லாப் பெட்டியையும் உடைத்து மறுபடி பார்த்தோம். அவளும் எங்களோடு உட்கார்ந்து பிரித்தாள். அந்த மேனேஜர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், சம்பளமும் ஏறியிருக்கிறது.

இன்னொன்று. கவரை ஒட்டிக் கொடுத்தாலும் சரி, டீ டைமுக்குள் யாருக்கு எவ்வளவு என்று லைனுக்கே தெரிந்துவிடும்.

மதுரை ஜவுளி:

போனஸ் விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை, எங்கள் கடையிலும் அது சண்டைதான். வேறு ஒன்று. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே (கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது), உடனே கவுண்டருக்கு ஒன்று என்று ஸ்டூல் வாங்கிப் போட்டேன். பல மாதம் கழித்து மத்தியானம், கூட்டமில்லாத நேரம், சொல்லாமல் மேல்மாடிக்குப் போனேன். ஸ்டூல்களில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒன்றின் மேல் ஃப்ளோர் மேனேஜரின் சாப்பாட்டுப் பை. சேலைப் பிரிவுப் பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்கள்.

"உட்காருங்கம்மா" என்றேன். உட்கார்ந்தார்கள். நான் படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன், எல்லாரும் எழுந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் கண் என்மேல் இல்லை, மேனேஜர் மேல் இருந்தது. நான் முதலாளியா அவர் முதலாளியா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

பனியன் கம்பெனிக்காரன், திருப்பூர்:

கோவை சார், நோட்டீஸ் போர்டு யோசனை சரி. ஆனால் ஆடியில் ஊக்கத்தொகை கொடுக்க ஆர்டர் யார் தருவார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். கயிறு பற்றி சூப்பர்வைசர் தம்பி சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நேற்று அக்காவிடம் நேராகவே கேட்டேன். "முன்ன மாதிரி வந்து சொல்றதில்லையேக்கா?" நிமிராமல் பதில் வந்தது: "சொன்னா லைன்ல இருக்கற பசங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறானுங்க தம்பி. எனக்கெதுக்குங்க?" பசங்கள் அன்றைக்கும் அப்படித்தானே இருந்தார்கள். அதைக் கேட்பதற்குள் பேக்கிங்கில் கூப்பிட்டுவிட்டார்கள்.

புதுக்கடை, திண்டுக்கல்:

மதுரை அண்ணாச்சி, அந்த ஸ்டூல் எங்கே வாங்கினது, சாய்மானம் உள்ளதா இல்லாததா? எங்கள் கவுண்டர் கொஞ்சம் உயரம்.