ஜிசிஎஸ்இ கணிதம்: ஃபவுண்டேஷனா, ஹையரா?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில் மகள் இயர் 11 படிக்கிறாள், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை வருகிறது. டிசம்பர் மாக்கில் (மாதிரிப் பரீட்சை) எட்எக்செல் வாரியத்தின் ஹையர் (மேல்நிலை) மூன்று தாளுக்கும் சேர்த்து 240க்கு 58 புள்ளி, கிரேட் 4 (9தான் உச்சம்). ஃபவுண்டேஷனுக்கு (கீழ்நிலை) மாற்றுவோமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். ஏ லெவலில் சைக்கோலஜி படிக்க விருப்பம், கணிதம் எடுக்கப்போவதில்லை. ஃபவுண்டேஷன் எழுதினால் சான்றிதழில் தெரியுமா? எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1

சான்றிதழில் பாடமும் கிரேடும்தான் இருக்கும், எந்தத் தாள் என்று இராது. ஃபவுண்டேஷனில் எடுத்த 5ம் ஹையரில் எடுத்த 5ம் ஒன்றேதான். அந்தக் கவலையை விடுங்கோ அக்கா.

முதலில் சிக்ஸ்த் ஃபார்ம் (ஏ லெவல் படிக்கும் இடம்) என்ன கேட்கிறது என்று பாருங்கோ. ஃபவுண்டேஷனில் 240க்கு 240 எடுத்தாலும் 5தான். சைக்கோலஜிக்குக் கணிதத்தில் 5 போதும் என்கிற இடமும் உண்டு, 6 கேட்கிற இடமும் உண்டு. 6 என்றால் ஹையரைத் தவிர வழியில்லை.

ஒவ்வொரு கிரேடுக்கும் வேண்டிய புள்ளி எல்லை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். எட்எக்செல் ஹையரில் 4க்கு ஏறத்தாழ 50, 5க்கு ஏறத்தாழ 80. ஃபவுண்டேஷனில் 4க்கு ஏறத்தாழ 145, 5க்கு ஏறத்தாழ 180. ஹையரில் 4க்குக் கீழே 3க்கென்று பதினைந்து புள்ளியளவு ஒடுங்கிய இடம்தான் இருக்கிறது. அதற்கும் கீழே போனால் யூ, அதாவது கிரேடே இல்லை. 58 என்றால் 4இன் விளிம்பில் நிற்கிறாள். ஒரு தாள் பிழைத்தாலே 3க்குப் போய்விடும். 4 வராவிட்டால் 16 வயதுக்குப் பிறகும் கணிதத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும்.

பதில் 2

மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மாக் தாள்களைக் கையில் வாங்கி, அந்த 58 எங்கே வந்தது என்று கேள்வி கேள்வியாகப் பாருங்கோ. கிரேட் 4, 5 தரத்துக் கேள்விகள் பல இரண்டு தாளுக்கும் பொது. ஃபவுண்டேஷனில் அவை கடைசிப் பகுதியில் வரும், ஹையரில் தொடக்கத்திலேயே வரும்.

முதற்பகுதியில் அவள் தொட்ட கேள்விகள் சரியாக இருந்து, பிற்பகுதி வெறுமையாக இருந்தால் அது படிக்காத பாடங்களின் குறை. சேடுகள் (√2 போன்றவை), வட்டத் தேற்றங்கள், சைன் விதி, இருபடிச் சூத்திரம் எல்லாம் ஹையருக்கு மட்டும் உரியவை. இவற்றில் சிலவற்றைப் பிடித்தால் புள்ளி ஏறும், 5ஐ நெருங்கலாம். ஆனால் தலைகீழ் சதவீதம் (குறைத்த விலையிலிருந்து பழைய விலையைக் காண்பது), விகிதம், ஒருங்கமை சமன்பாடு போன்ற பொதுக் கேள்விகளிலேயே புள்ளி போயிருந்தால் ஃபவுண்டேஷன்தான் நல்லது. ஹையர் வகுப்பில் அவற்றைத் திரும்பப் படிப்பிக்க நேரம் இராது.

ஃபவுண்டேஷன் சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதேங்கோ. 5 எடுக்க நாலில் மூன்று பங்கு சரியாக இருக்க வேண்டும். அங்கே புள்ளியைத் தின்பது கவனப் பிசகு: சென்ரிமீற்றரை மீற்றராக மாற்ற மறப்பது, 20% குறைத்த விலையைக் கேட்க 20% எவ்வளவு என்று மட்டும் எழுதி விடுவது, வழி காட்டாமல் விடையை மட்டும் எழுதுவது. நாலு புள்ளிக் கேள்வியில் விடை பிழைத்தாலும் வழிக்கு இரண்டு மூன்று கிடைக்கும். விடையும் பிழைத்து வழியும் எழுதாவிட்டால் பூச்சியம்.

வீட்டில் பழைய ஃபவுண்டேஷன் தாள் மூன்றையும் ஒவ்வொன்றும் 90 நிமிடம் கடிகாரம் வைத்துச் செய்யவிடுங்கோ. முதலாவது தாளுக்குக் கல்குலேட்டர் இல்லை. 165க்கு மேல் வந்தால் ஃபவுண்டேஷனில் 5 கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 130க்குள் நின்றால் ஹையரில் 4ஐக் காப்பாற்றுவதும் கஷ்டம்தான்.

கேட்டவர்

மிக்க நன்றி. விஞ்ஞானத்துக்கும் இப்படியா? ஒரு தாள் ஹையர், மற்றது ஃபவுண்டேஷன் என்று எழுதலாமா?

பதில் 3

ஒரே பாடத்தில் கலந்து எழுத முடியாது. கணிதத்தின் மூன்று தாளும் ஒரே நிலையில்தான். கம்பைன்ட் சயன்ஸில் (மூன்று விஞ்ஞானமும் சேர்ந்து இரட்டைக் கிரேட் தரும் பாடம்) ஆறு தாளும் அப்படியே: ஃபவுண்டேஷனில் உச்சம் 5-5, ஹையரில் 9-9 வரை போகும், கீழே 4-3 வரைதான். பயோலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் தனித்தனிப் பாடமாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிலை தெரிவு செய்யலாம். ஆங்கிலத்தில் இந்தப் பிரிவே இல்லை.

கோடைகாலப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் வழக்கமாகப் பெப்ரவரி 21. அதற்குப் பிறகும் நிலையை மாற்றலாம், ஆனால் பிந்தினால் கட்டணம் வரும். ஜனவரிக்குள்ளேயே கணிதத் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் போட்டு, கேள்வி வாரியான மாக் புள்ளிப் பட்டியலையும், மாற்றினால் எந்த செட்டில் (தரவாரியான வகுப்பில்) இருத்துவார்கள் என்பதையும் கேளுங்கோ. ஹையர் செட்டிலேயே இருந்துகொண்டு ஃபவுண்டேஷன் எழுதுகிற பிள்ளை மிச்ச மாதங்களில் தனக்கு வராத பாடங்களையே கேட்டுக்கொண்டிருக்கும். அதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும்.