ஒத்திக்குக் குடியிருக்கும் வீட்டை வங்கி எடுக்க வந்தால் என்ன வழி?

மடிப்பாக்கத்தார்:
அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூன் மாதம் 9 லட்ச ரூபாய் கொடுத்து, சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டை மூன்று ஆண்டு ஒத்திக்கு எடுத்தேன். 100 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம், பதிவு செய்யவில்லை. மாத வாடகை கிடையாது, மின்கட்டணம் மட்டும் நான் கட்டி வருகிறேன். பணம் முழுவதையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுத்தேன்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு மாலையில் வேலை முடிந்து திரும்பியபோது, வாசல் கேட்டில் பசை காயாத ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதன் முன் நின்று எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சொத்தின் மீது யாரும் பரிவர்த்தனை செய்யக் கூடாது என்ற வரிக்கு வந்ததும், பரிவர்த்தனை என்றால் என்னப்பா என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரர் 2018இல் வாங்கிய கடனில் 41 லட்சம் நிலுவை என்றும், அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்றுக் கடனை வசூலிக்க இடம் தரும் சர்ஃபேசி சட்டப்படி வீட்டை வங்கி தன் சுவாதீனத்தில் எடுத்துக்கொண்டது என்றும் அதில் எழுதியிருக்கிறது. கடனைக் கட்டச் சொல்லும் முதல் அறிவிப்பு ஐந்து மாதங்களுக்கு முன்பே அவருக்குப் போயிருக்கிறது. என்னிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இப்போது அவருடைய கைபேசி அணைந்து கிடக்கிறது. நாங்கள் உடனே வெளியேற வேண்டுமா? என் 9 லட்சம் என்ன ஆகும்?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
ஐயா, கடன் வசூல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், கசப்பாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். அடமானம் 2018இல் வந்தது, நீங்கள் 2024இல் வந்தீர்கள். அடமானத்தில் இருக்கும் வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விடுவதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு இடம் தருகிறது. ஆனால் அடமானப் பத்திரம் அதைத் தடுத்திருக்கக் கூடாது, நியாயமான வாடகை வாங்கப்பட வேண்டும், கட்டடமாக இருந்தால் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு நிபந்தனையும் அதே பிரிவில் இருக்கிறது. குத்தகைக்காக மொத்தத் தொகை எதுவும் வாங்கக் கூடாது, வாடகையை முன்பணமாகவும் பெறக் கூடாது. நம் ஊர் ஒத்தி என்பதே மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பதுதான். ஆகவே அடமானத்துக்குப் பிறகு போடப்பட்ட ஒத்தி வங்கியைக் கட்டுப்படுத்தும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கேளுங்கள். அமைதியாகச் சாவியைக் கொடுக்கும் குடும்பத்துக்கு ஒன்றிரண்டு மாதம் தருவதில் வங்கிக்கு நட்டமில்லை. பூட்டை உடைத்து எடுத்த வீட்டைவிட, காலி செய்து கொடுத்த வீடு ஏலத்தில் கூடுதல் விலைக்குப் போகும்.

தீர்ப்பாய வழக்குரைஞர்:
மேலே சொன்ன சட்டம் சரி, ஆனால் அதிலிருந்து வந்த முடிவை நான் ஏற்கவில்லை. கேட்டில் தாள் ஒட்டுவது பெயரளவுச் சுவாதீனம்தான். ஆள் குடியிருக்கும் வீட்டை உள்ளபடியே கைப்பற்ற வேண்டுமானால், வங்கி சர்ஃபேசி சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் தலைமை நீதித்துறை நடுவரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ போய் ஆணை பெற வேண்டும். பெரும்பாலும் அந்த ஆணையை நிறைவேற்ற ஒரு வழக்குரைஞர் அட்வகேட் கமிஷனராக நியமிக்கப்பட்டு, அவர் காவல்துறையுடன் வருவார். அந்த ஆணை இல்லாமல் வசூல் முகவர்கள் வந்து மிரட்டினாலோ, மின்சாரத்தைத் துண்டிப்போம் என்றாலோ, அதற்கு அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அப்படி நடந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, 2016இல் செய்யப்பட்ட திருத்தம் சர்ஃபேசி சட்டத்தில் 17(4ஏ) என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி வாடகைதாரரும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்பாயம் நான்கு கேள்விகளைப் பார்க்கும்: குத்தகை முடிந்துவிட்டதா, 65ஏ பிரிவுக்கு முரணானதா, அடமான நிபந்தனைகளுக்கு முரணானதா, கடனைக் கேட்டு 13(2) அறிவிப்பு வந்த பிறகு உருவாக்கப்பட்டதா. உங்கள் ஒத்தி அறிவிப்புக்கு முன்பே போடப்பட்டது என்பதால் நான்காவது கேள்வி உங்களைத் தாக்காது; காலமும் இன்னும் முடியவில்லை. அடமானப் பத்திரத்தில் வாடகைக்கு விடத் தடை இருக்கிறதா என்பதை வங்கி அதைத் தாக்கல் செய்த பிறகுதான் அறிய முடியும். நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மனு போட வேண்டும். அதில் பன்னிரண்டு நாள் போய்விட்டது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டு அலைய வேண்டாம், சர்ஃபேசி சட்டத்தின் 34ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
மனு போடலாம் என்பது உண்மை, வெல்லலாமா என்பதுதான் கேள்வி. 2019இல் பஜரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பதிவு செய்யப்படாத ஆவணத்தையோ வாய்மொழி ஒப்பந்தத்தையோ காட்டி நீண்ட காலக் குத்தகை இருப்பதாகக் கோர முடியாது என்று சொல்லிவிட்டது. 2014இல் ஹர்ஷத் கோவர்தன் சொண்டாகர் வழக்கிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். இவரிடம் இருப்பது பதிவில்லாத மூன்றாண்டுத் தாள். தீர்ப்பாயத்தில் முதல் கேள்வியே வாடகை ரசீது எங்கே என்பதாக இருக்கும். இவரிடம் வாடகையே இல்லையே!

தீர்ப்பாய வழக்குரைஞர்:
வாடகை இல்லை என்று ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை. 9 லட்சம் என்பது திரும்பக் கிடைக்க வேண்டிய வைப்புத்தொகை, அதன் வட்டியே வாடகை, ஆகவே 65ஏ தடுக்கும் மொத்தத் தொகை இதுவல்ல என்று வாதிட இடம் இருக்கிறது. இந்த வாதம் நிச்சயம் ஏற்கப்படும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் மனு நிலுவையில் இருக்கும்போது வங்கியின் பேச்சு மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெறுங்கையுடன் போய் அவகாசம் கேட்கும் குடித்தனக்காரரை மேலாளர் வராந்தாவில் உட்கார வைப்பார். மனு எண்ணோடு போகிறவரை அறைக்குள் அழைப்பார்.

கொளத்தூர்க்காரர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இதே நிலையில் இருந்து வந்தவன். 6 லட்ச ரூபாய் ஒத்தி. என் வழக்குரைஞரும் மனுவே ஆயுதம் என்றார். ஒரு வருடத்துக்கு மேல் தீர்ப்பாயத்துக்கு அலைந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடுப்பு, கட்டணம், மனக் கவலை. வீட்டில் தங்கியிருக்கக் கூடுதல் காலம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. கடைசியில் மனு தள்ளுபடியானது, அட்வகேட் கமிஷனர் வந்தார். பீரோவைத் தெருவில் இறக்கி வைத்து அதன் மேல் என் தாயார் தன் சேலையைப் போர்த்தி மூடியதை என்னால் மறக்கவே முடியாது.

ஆனால் என்னை உண்மையில் அழித்தது அது அல்ல. ஏலத்தில் வீடு நல்ல விலைக்குப் போய், வங்கிக் கடன் போக 7 லட்சத்துக்கும் மேல் மிச்சம் வந்தது. அந்தப் பணத்தை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். வீட்டைக் காப்பாற்றப் போராடிய அந்த ஒரு வருடத்தில் என் பணத்தைக் காப்பாற்ற ஒரு நாள்கூட நான் செலவிடவில்லை. மடிப்பாக்கத்து நண்பரே, உங்கள் வீட்டின் சந்தை மதிப்பு என்னவென்று தெரியுமா?

மடிப்பாக்கத்தார்:
பக்கத்தில் இதே அளவு மனை, இதே பழைய கட்டடம், சென்ற ஆண்டு 70 லட்சத்துக்குக் கைமாறியது.

கொளத்தூர்க்காரர்:
அப்படியானால் உங்கள் 9 லட்சம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
கொளத்தூர் நண்பர் சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சர்ஃபேசி சட்டத்தின் 13(7) பிரிவின்படி, ஏலத்தொகையில் செலவும் கடனும் கழிந்த பிறகு மீதியை அதற்கு உரிமை உடையவரிடம் வங்கி ஒப்படைக்க வேண்டும். வேறு யாரும் உரிமை கோராவிட்டால் அது வீட்டு உரிமையாளருக்கே போகும். 41 லட்ச நிலுவையுடன் வட்டியும் செலவும் ஏறும், ஏலத்தில் சந்தை விலை முழுதாகக் கிடைக்காது. அப்படியிருந்தும் இங்கே மீதி வர நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் ஒத்தி சார்பதிவாளர் அலுவலகத்தில் போக்கிய அடமானமாக, அதாவது கொடுத்த பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கும் அடமானமாகப் பதிவாகியிருந்தால், இரண்டாவது அடமானதாரராக அந்த மீதியை நேரடியாகவே கேட்டிருக்கலாம். பதிவு இல்லாததால் நீதிமன்றம் வழியாகத்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

தீர்ப்பாய வழக்குரைஞர்:
இந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப் போகிறோம். 9 லட்சத்தைத் திரும்பக் கேட்டு வீட்டுக்காரர் மீது உரிமையியல் நீதிமன்றத்தில் பண வழக்குப் போடலாம். வங்கியின் நடவடிக்கையை அது எதிர்க்கவில்லை என்பதால் 34ஆம் பிரிவு இதைத் தடுக்காது. அந்த வழக்கோடு சேர்த்து, தீர்ப்புக்கு முன்பே அவருடைய பணத்தையோ சொத்தையோ முடக்கி வைக்கும் பற்றுகையைக் கோரும் மனுவையும் போட வேண்டும். அவர் தலைமறைவாகிவிட்டார், ஏலத்தில் மீதி வந்தால் எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவார் என்பதைக் காட்டி, அந்த மீதியை அவரிடம் கொடுக்கக் கூடாது என்று வங்கிக்கு ஆணை பெற முயல வேண்டும். பணம் வங்கிக் கணக்கு வழியாகப் போயிருப்பது உங்களுக்குப் பெரிய பலம். பதிவில்லாத தாள் குத்தகை உரிமையை நிறுவ உதவாமல் போகலாம். பணம் கைமாறியதைக் காட்டக் கணக்கு அறிக்கை போதும்.

ஆனாலும் தீர்ப்பாய மனுவை விட்டுவிடச் சொல்லும் கருத்தை நான் ஏற்கவில்லை. இரண்டும் வேண்டும்.

கோவை வாடகைதாரர்:
ஒரு சந்தேகம். நான் குடியேறிய பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் அடமானம் வைத்தார். மாத வாடகை கொடுக்கிறேன், 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறோம். எனக்கும் இதே நிலைதானா?

தீர்ப்பாய வழக்குரைஞர்:
இல்லை, உங்கள் நிலை இதைவிட நல்லது. அடமானத்துக்கு முன்பே வந்த செல்லுபடியாகும் குத்தகையைச் சட்டப்படி முடிக்காமல் வங்கி உங்களை வெளியேற்ற முடியாது. ஆனால் 11 மாதத் தாள்கள் தனித்தனி ஒப்பந்தங்களாகப் பார்க்கப்பட்டு, இப்போதைய தாள் அடமானத்துக்குப் பிறகு வந்ததாகக் கருதப்படும் ஆபத்து இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும் என்கிறது. அதைச் செய்யுங்கள்; வாடகையையும் கையில் கொடுக்காமல் கணக்கில் செலுத்துங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
மடிப்பாக்கத்தார் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் வேண்டும் என்ற கருத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. மாதச் சம்பளக் குடும்பம் ஒரே நேரத்தில் இரண்டு வழக்குகளைத் தாங்காது. வலுவில்லாத மனுவுக்குச் செலவிடும் பணம், வலுவான வழக்கிலிருந்து பறிக்கப்படும் பணம். ஏலம் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் 41 லட்சத்தின் மீது வட்டி ஏறிக்கொண்டே போகும். அந்த வட்டி கழிவதும் அதே மிச்சத்திலிருந்துதான். தீர்ப்பாயத்தில் வாங்கும் காலத்துக்கு இவர் தன் ஒத்திப் பணத்தாலேயே விலை கொடுப்பார் என்பதை வழக்குரைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பாய வழக்குரைஞர்:
வட்டிக் கணக்கை நான் இந்தக் கோணத்தில் எடுத்துக்கொள்ளவில்லை; அது சரியான எதிர்வாதம். ஆனால் எதிர்ப்பே இல்லாத வீட்டை வங்கிகள் அவசரத்தில் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ஏலத்துக்கு வங்கி வைக்கும் குறைந்தபட்ச விலை மிகவும் தாழ்ந்தால் மிச்சமே இருக்காது. அதனால் 45ஆவது நாள் வரை கதவைத் திறந்தே வைத்திருங்கள். எழுத்தில் அவகாசமும் கேளுங்கள். முப்பத்தைந்தாவது நாளுக்குள் வங்கியிடமிருந்து எழுத்தில் பதில் வராவிட்டால் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். மேலாளர் வாயால் சொல்லும் வாக்குறுதியை நம்பி 45 நாளைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

செலவைப் பற்றி ஒன்று: பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். ஒத்தி ஒப்பந்தத்தில் உங்கள் துணைவியார் கையெழுத்தும் இருக்கிறதா?

மடிப்பாக்கத்தார்:
இருக்கிறது ஐயா. பணத்தில் 4 லட்சம் அவருடைய கணக்கிலிருந்துதான் போனது. திருமண நகையை விற்ற பணம்.

நேற்று வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். 2018 செப்டம்பரில் அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்த பதிவு அதில் தெளிவாக இருக்கிறது. ஒத்தி பேசும்போது தரகர் பட்டா நகலையும் வீட்டு வரி ரசீதையும் காட்டினார். வில்லங்கச் சான்றைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நாளை காலை வங்கிக்கு ஏப்ரல் இறுதிவரை அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை பெற்றுக்கொள்கிறேன். மதியம் நானும் மனைவியும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்ப் பண வழக்கையும் பற்றுகை மனுவையும் முதலில் கேட்கப் போகிறோம். தீர்ப்பாய மனுவைப் பற்றி முப்பத்தைந்தாவது நாளில் முடிவெடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
கடிதத்தில் இன்னொரு பத்தியும் சேருங்கள். நீங்கள் கொடுத்த தொகை, தேதி, கணக்கு விவரம் ஆகியவற்றை எழுதி, ஏலத்தில் மீதி வந்தால் அதன் மீது உங்களுக்கு உரிமைக் கோரிக்கை இருக்கிறது என்பதையும் நீதிமன்றத்தை அணுகுகிறீர்கள் என்பதையும் தெரிவியுங்கள். ஆணை வரும்வரை அந்தக் கடிதம் வங்கியைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் கோப்பில் அது இருந்தால் மீதியை விடுவிக்கும் அலுவலர் கையெழுத்திடுவதற்கு முன் சட்டப் பிரிவைக் கேட்பார். கிளைக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கேட்டில் ஒட்டிய தாளின் அடியில் கையெழுத்திட்டிருக்கும் அதிகாரம் பெற்ற அலுவலரின் பெயருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.