சூடாக்கும்போது பிள்ளைக்கு வலிப்பு: அவசரப்பட்டுவிட்டார்களா?

கொக்குவில் சித்தி:
அக்காவின் பிள்ளைக்கு இன்று ஆறு நாள். பிறந்ததும் அழவில்லை. மூளைக்கு ஒட்சிசன் போதவில்லை என்று 33.5 பாகையில் குளிரில் வைத்தார்கள். அந்த 72 மணித்தியாலமும் வலிப்பே இல்லை. திரும்பச் சூடாக்கத் தொடங்கிய இரவுதான் இடது கை துடித்தது, பிறகு சைக்கிள் மிதிக்கிற மாதிரிக் கால்கள். "குளிருக்குள் கிடந்த பச்சைப்பிள்ளையைச் சட்டென்று சூட்டில் போட்டால் வேறென்ன வரும்" என்கிறா அம்மா. அக்கா ஒன்றும் பேசாமல் பாலைப் பிழிந்து பிழிந்து கொடுத்து அனுப்புறா. உண்மையிலேயே அவசரப்பட்டுவிட்டார்களா?

ரொறன்ரோ அண்ணா:
2021ல் அமெரிக்காவில் 120 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. குளிர்விப்பின் கடைசி 12 மணித்தியாலத்தில் வலிப்பு 14 வீதம், சூடாக்கும்போது 27 வீதம். அப்படி வலித்த பிள்ளைகளுக்குப் பின்விளைவும் கூட என்று போட்டிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி):
தம்பி, கடைசி வரியை ஆறு நாள் பிள்ளையின் வீட்டுக்காரருக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லக்கூடாது. அது கூட்டத்துக்கான கணக்கு, இந்தப் பிள்ளைக்கான சாத்திரம் இல்லை.

தங்கச்சி, அந்த ஆய்வில் மணிக்கு அரைப் பாகைதான் கூட்டினார்கள். அப்படி மெல்லக் கூட்டியும் வலிப்பு வந்திருக்கிறது. குளிர் மூளையின் வேகத்தைக் குறைத்து வைக்கும். சூடு ஏற ஏற அடிபட்ட இடம் விழித்துக்கொள்ளும். அடி பிறந்த அன்றே பட்டது. ஆனாலும் கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கட்டிலடியில் இருக்கும் சாட்டில், அதுதான் பதிவுத்தாளில், வெப்பநிலையை மணிக்கு மணி எழுதியிருப்பார்கள். 33.5இலிருந்து 36.5க்கு வர ஆறு மணித்தியாலமாவது எடுத்திருக்க வேண்டும்.

கை துடிப்பது மட்டும் வலிப்பில்லை. சில பிள்ளைகள் சும்மா படுத்திருக்கும், தலையில் வயர் ஒட்டிப் பார்த்தால்தான் அலையில் தெரியும். ஆகவே "72 மணித்தியாலமும் இல்லை" என்பதை நான் அப்படியே எடுக்கமாட்டேன். அந்த வயர் சோதனைதான் இஇஜி, அதைப் போட்டார்களா என்று கேளுங்கள். இரத்தத்தில் சீனி, கல்சியம், சோடியம் பார்த்தார்களா, வலிப்பு மருந்து பினோபார்பிட்டோன் கொடுத்தபின் நின்றதா, எம்ஆர்ஐ எப்போது என்பதையும் கேளுங்கள். காய்ச்சல் வரவிடக்கூடாது, அது மூளைக்குக் கூடாது.

அக்காவின் பாலைக் கட்டாயம் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கொக்குவில் சித்தி:
நன்றி மிஸ்ஸி. இன்று டொக்டரிடம் கேட்டேன், சாட்டையும் காட்டினார். ஏழு மணித்தியாலம் எடுத்திருக்கிறார்கள். வலித்த நேரத்தில் சூட்டைக் கூட்டாமல் நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். இஇஜி இரண்டாம் நாள் ஒரு தடவைதான் எடுத்தார்களாம், இடையில் என்ன நடந்தது என்று தெரியாது என்று அவரே சொன்னார். மருந்துக்குப் பிறகு துடிப்பு இல்லை. எம்ஆர்ஐ நாளைக்கு. அம்மாவிடம் சொன்னேன்; "ஏழு மணித்தியாலமோ" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தா.