அப்பத்தாவின் பிஸ்கட் டப்பாவில் கடற்கரைப் படங்கள்: இது எந்தத் துறை?

வளவுவீட்டுப் பேத்தி (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊர் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம். போன மாதம் படைப்புக்காக (முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடுவது) பங்காளிகள் எல்லாரும் பெரிய வீட்டில் கூடினோம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறையைப் பாத்திரம் எடுக்கத் திறந்தபோது ஒரு ஹண்ட்லி பாமர்ஸ் பிஸ்கட் டப்பா கிடைத்தது. மூடி துருப்பிடித்திருந்தது, கரண்டிக் காம்பால் நெம்பித்தான் திறந்தோம். உள்ளே 37 புகைப்படங்கள்.

வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) வாசல்களுக்கு மேலே சாய்த்து மாட்டியிருக்கும் படங்களை எல்லாருக்கும் தெரியும். அறுபதாம் கல்யாணம், கழுத்துரு என்ற பெரிய தாலி போட்ட மணப்பெண், நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர் என்று எங்கள் பக்கத்து எந்த வீட்டுக்குப் போனாலும் இருக்கும். டப்பாவில் இருந்தவை அப்படி இல்லை. பாதிக்கு மேல் கடலும் துறையும் கப்பலும்தான்.

அதில் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. ஒரு நீளமான துறைமேடை. இடது பக்கம் ரயில் பெட்டிகள், வலது பக்கம் ஒற்றைப் புகைபோக்கியோடு கப்பல். நடுவில் ஒன்பது பேர். நாலாவதாக நிற்பவர் வெள்ளைத் துணிக்குடையை மடக்கிக் கைத்தடி போல ஊன்றியிருக்கிறார். அவர்தான் தன் மாமனார் என்று அப்பத்தா பார்த்தவுடன் சொல்லிவிட்டார்கள். ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்திருக்கிறான். எல்லாரும் அசையாமல் நிற்க, அவன் மட்டும் திரும்பிவிட்டதால் முகம் கலங்கிப் போயிருக்கிறது. கப்பலில் தொங்கும் மிதவை வளையத்தில் பெயரின் கடைசி எழுத்து மட்டும் தெரிகிறது, ஆங்கில 'என்'.

"ரங்கூன் கப்பல்" என்கிறார்கள் அப்பத்தா. அவர்களுக்கு 88 வயது. படத்தின் பின்னால் பென்சிலில் "ஸ்ரீமுக" என்று இருக்கிறது, அப்புறம் ஏதோ சுழி, "வைகாசி", இன்னொரு சுழி, கடைசியில் "யக" மாதிரி இரண்டு எழுத்து. யாருடைய பெயரோ என்று நினைத்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வளவில் மாட்டியிருந்த படம் ஒன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்யலாம் என்று நான்தான் சட்டத்தைக் கழற்றி மெதுவாகப் பிரித்தேன். ஐயாவின் வலது கையும் தோளும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. அன்று இரவு தூங்கவில்லை. இன்னும் நாலு படம் அதே மாதிரி ஒட்டியிருக்கின்றன. பழைய சாமான் வாங்க வந்தவர் தேக்குச் சட்டத்துக்கு மட்டும் விலை சொல்லி, "படத்தை நீங்களே வச்சுக்குங்க, இல்லாட்டி நாங்க கழிச்சிடுறோம்" என்கிறார். பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட எண்ணம். என்னால் முடியவில்லை.

இது எந்த ஊர்த் துறை? எந்த வருஷம்? ஒட்டிய படங்களை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

அம்மா, நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், மண்டபத்தில் பல வருஷம் வேலை பார்த்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது ரங்கூன் கப்பலாக இருக்க வழியில்லை.

ரங்கூனுக்குப் பெரும்பாலும் சென்னையில் ஏறுவார்கள். பினாங்கு, சிங்கப்பூர் கப்பல் சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தைத் தொட்டுப் போகும். நாகையில் பெரிய கப்பல் கரைக்கே வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். ரயிலும் கப்பலும் ஒரே மேடையில் முதுகோடு முதுகு உரசி நிற்பது என்றால் நம் பக்கத்தில் அது இலங்கைப் பாதைதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் என்ற ரயில் தனுஷ்கோடித் துறை வரைக்கும் போனது. அங்கே இறங்கி எதிரே நிற்கும் கப்பலில் ஏறினால் தலைமன்னார். அங்கே கப்பலை விட்டு இறங்கி இன்னொரு ரயிலில் கொழும்பு. அதற்கு முன்னால் தூத்துக்குடியில் இருந்து கப்பலில் நேரே கொழும்புக்குப் போவார்கள்.

அந்தக் கப்பல்கள் முதலில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பிற்பாடு இர்வின், கோஷன். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், ஹார்டிஞ்ச் தவிர மற்ற நாலும் 'என்' எழுத்தில்தான் முடியும். எந்தக் கப்பல் என்று வளையத்தை வைத்து அறுதியிட முடியாது, ஆனால் இந்தப் பாதை என்பதற்கு அது பொருந்துகிறது.

சரி, தனுஷ்கோடியா தலைமன்னாரா? இதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் பக்கம் மீட்டர் கேஜ், இலங்கையில் அகலப் பாதை. மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மூணேகால் அடி. அகலப் பாதையில் ஐந்தரை அடி, ஏறக்குறைய ஒரு ஆள் உயரம். படத்தில் தண்டவாளத்தை ஒட்டி யாராவது நின்றால் அவர் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடுப்பளவு இடைவெளி என்றால் தனுஷ்கோடி. ஆளைக் கிடத்தினால் சரியாக இருக்கும் என்றால் தலைமன்னார்.

1961இல் என் தகப்பனார் என்னைத் தனுஷ்கோடித் துறைக்குக் கூட்டிப்போனார். ரயில் மணலை விட்டுத் துறைமேடையில் ஏறும்போது சக்கரச் சத்தம் மாறும். கீழே வெற்றிடம் என்று காதுக்கே தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலில் போயிற்று. ஊரும் போயிற்று, துறையும் போயிற்று. இப்போது போனால் இடிந்த மாதா கோயில் சுவரும் ஸ்டேஷன் சுவரும் நிற்கும். ஆட்களோடு அந்தத் துறை தெரிகிற படம் உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து பத்திரமாக வையுங்கள்.

ஏட்டுக்கணக்கு

"யக" பெயர் இல்லை, தமிழ் எண். ௰ என்றால் பத்து, ௧ என்றால் ஒன்று. இரண்டும் சேர்ந்து பதினொன்று. சுழிகள் ௵ வருஷம், ௴ மாதம். எங்கள் வீட்டுப் பேரேடு முழுக்க இப்படித்தான் இருக்கும். ஆக "ஸ்ரீமுக வருஷம் வைகாசி மாதம் 11". ஸ்ரீமுக வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும்: 1873, 1933, 1993. கப்பலும் ரயிலும் இருப்பதால் 1933தான். மே 24ஐ ஒட்டிய நாள்.

கணக்கும் பொருந்துகிறது. 1930இல் புதுக்கோட்டை – மானாமதுரை ரயில் பாதை வந்த பிறகு நம்மவர்கள் காரைக்குடியிலேயே ரயில் ஏற முடிந்தது.

மற்ற 36 படங்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். தபால் அட்டையாக இருந்து தபால்தலை ஒட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது. 1937 ஏப்ரலில்தான் பர்மா இந்தியாவில் இருந்து பிரிந்தது. அதுவரைக்கும் அங்கே ஓடியது இந்தியத் தபால்தலை, பிரிந்த உடனே அதே தலையின் மேல் "பர்மா" என்று அச்சடித்து விற்றார்கள். தலையில் இருக்கும் ராஜா முகமும் உதவும்: ஏழாம் எட்வர்ட் ஆண்டது 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் ஆண்டது 1936 வரை.

கடை வாசலில் எடுத்த படம் இருந்தால் பலகையில் விலாசத்தின், அதாவது கடைப் பெயரின், முதலெழுத்துகளைப் படியுங்கள். அவை அப்பன் பாட்டன் பெயர்களின் வரிசை. எந்த வீட்டுக் கடை என்று பங்காளிகளில் ஒருவர் சொல்லிவிடுவார்.

இருட்டறை

காரைக்குடியில் முப்பது வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒட்டிய படத்துக்கு முதலில் வருகிறேன்: இனி ஒன்றையும் பிரிக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்பவர்கள் வருவார்கள், கேட்காதீர்கள். படத்தைத் தாங்கியிருப்பது ஜெலட்டின் என்ற பசை மாதிரியான படலம். மழைக்காலத்து ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் தாள் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். கண்ணாடியோடே வைத்து, கறுப்புத் துணியை எதிரே பிடித்துப் பிரதிபலிப்பு விழாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவில் எடுத்துவிடுங்கள். ஐயாவின் கை ஒட்டியிருக்கிற அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லை என்றால் அதையும் துடைக்காமல் படமெடுங்கள். இரண்டையும் கணினியில் சேர்க்க முடியும், நான் அப்படி இரண்டு மூன்று படம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

தனிப் படங்களை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பெயரைப் பின்னால் பென்சிலில் மட்டும் மெல்ல எழுதுங்கள். பேனா வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். டப்பாவில் திரும்பப் போடாதீர்கள், துரு ஏறும். அமிலம் இல்லாத தாளில் ஒவ்வொன்றாகப் பொதிந்து, கரையானும் இராமபாணப் பூச்சியும் எட்டாத காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

கடல் தெரிகிற எல்லாப் படமும் கடலில் எடுத்தது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் கால ஸ்டூடியோக்களில் கடல், கப்பல், மாடிப்படி எல்லாம் திரையில் வரைந்திருப்பார்கள். திரை தரையைத் தொடும் இடத்தில் ஒரு மடிப்போ விரிப்பின் ஓரமோ தெரியும். அட்டையின் அடியில் அழுத்திப் பதித்த ஸ்டூடியோ முத்திரையை விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் படிக்கலாம். ஊர் பெயர் அங்கேதான் இருக்கும்.

சட்டத்தை விற்கும் விஷயத்தில் நான் சொல்ல உரிமை இல்லை. ஆனால் படத்தை அவரிடம் விடாதீர்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களை எண்முறையில் பதிவு செய்து பாதுகாத்திருக்கிறார்கள். நம் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் இன்று சென்னையில் ஒரு நூலகமாக இருக்கின்றன. இதெல்லாம் பெரியப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

வளவுவீட்டுப் பேத்தி

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. பழைய சேலையில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காரைக்குடிக்கு எடுத்து வருகிறேன், அண்ணே.

நேற்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். குடைக்காரருக்குப் பின்னால் இரண்டு பேர் தண்டவாளத்துக்கு நடுவிலேயே நிற்கிறார்கள். இடைவெளி அவர்களின் இடுப்பு உயரம்தான். தனுஷ்கோடி.

அப்பத்தாவிடம் "ரங்கூன் இல்லையாம், இலங்கைப் பாதையாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவுகளுக்கு மூத்தவுக ஒருத்தவுக கொழும்புல செட்டியார் தெருவுல கடை வச்சிருந்தாகன்னு சொல்லுவாக. அவுகளைக் கப்பலேத்த போயிருப்பாக" என்றார்கள். அந்த மூத்தவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதே இல்லை. படத்தை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து விரலால் தொடாமல் ஒவ்வொருவராகக் காட்டினேன். ஐந்து பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஏழாவதாக நிற்பவரின் காதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள், "இந்தக் காது அவுக வீட்டுக் காது" என்று. கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா எழுந்து போய் வளவில் இருந்த படங்களை எண்ணிவிட்டு வந்தார்கள். விற்பதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாமான்காரரை இந்த வாரம் வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி தூக்கிய பையனை அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. கொழும்புக் கடைக்காரரின் மகள் பள்ளத்தூரில் இருக்கிறாராம், 94 வயது, கண் நன்றாகத் தெரிகிறதாம். படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் போகிறேன்.