விளிப்பிலேயே கரைந்த நேரம்

சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் தேசிய நூலக வாரத்தையொட்டிப் பள்ளியொன்றில் பேச என்னை அழைத்திருந்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டது 10 நிமிடம். அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, விழாத் தலைவர் தொடங்கி நன்றியுரை கூறவிருந்தவர் வரை 14 பேரைப் பட்டம், பொறுப்பு ஆகியவற்றோடு சேர்த்து விளித்தேன். ஒருவர் பெயரும் விடுபட்டுவிடக் கூடாதே என்ற அச்சத்தில் தலை நிமிரவேயில்லை. நிமிர்ந்தபோது, பந்தலின் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மணலில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் நான் சொன்ன எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை.

விழா முடிந்ததும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னீர்கள் தம்பி, பேச வந்தது யாரிடம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. திருக்குறளில் 'அவை அஞ்சாமை' அதிகாரத்துக்கு முன்பாகவே 'அவை அறிதல்' வைக்கப்பட்டிருப்பதை அதற்குமுன் நான் எண்ணிப் பார்த்ததில்லை. கலைஞர் "என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே" என்றதும் கூட்டம் ஆர்ப்பரித்ததற்கும் அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த விளி எதிரே திரண்டிருந்தவர்களுக்கே உரியது.

மறு ஆண்டு வேறொரு பள்ளிக்குச் சென்றபோது, கிளை நூலகத்திலிருந்து ஒரு பழைய கதைப் புத்தகத்தை எடுத்துச் சென்றேன். "பிள்ளைகளே" என்று அழைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, திருப்பித் தர வேண்டிய தேதிகளை முத்திரையிடும் தாளைக் காட்டினேன். ஊதா மை மங்கிய கடைசி முத்திரையைப் படித்துவிட்டு, "இதைக் கடைசியாக ஒருவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது உங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள்" என்றேன். பின்வரிசையில் இருந்தவர்கள் அந்தத் தாளைப் பார்க்க எழுந்து நின்றார்கள்.

பெயர்களை நான் அடியோடு கைவிடவில்லை. மக்களை முதலில் விளித்துவிட்டு, மேடையில் இருப்போரை அடுத்து ஒரே வாக்கியத்தில் வணங்குகிறேன். ஒருமுறை தம் பெயரைத் தனியே சொல்லவில்லை என்று ஒரு பெரியவர் வருந்தினார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், ஆனால் அடுத்த மேடையிலும் பிள்ளைகளைத்தான் முதலில் அழைத்தேன்.